வாயிலில்லாக் காட்டில் ஓர் இரவு

துறைச் சிறப்பு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த மாணவர்கள், "ஐயா, இம்முறையும் மலைபடுகடாம்தானா?" என்று கேட்டுவிட்டுத் தமக்குள் சிரித்துக்கொண்டனர். அவர்கள் கேட்டதில் தவறில்லை. எம் எம்.ஃபில். ஆய்வு அந்நூலைப் பற்றியது. அதன்பின் இம்மலரில் நாம் எழுதியவையும் பெரும்பாலும் அதனைச் சுற்றியே அமைந்தன. கூத்தருக்கு மலைவழி காட்டும் அந்நூல், பன்றிக்கு வைத்த பொறிகள் எங்கே இருக்கும் என எச்சரிக்கும்; இருள் கவிந்தால் மலைக்குகையில் தங்கிக்கொள்ளச் சொல்லும். இவற்றையெல்லாம் பத்தொன்பது ஆண்டுகளாக வகுப்பில் விளக்கி வரும் நாம், 2022ஆம் ஆண்டு வரை ஓர் இரவுகூடக் காட்டில் தங்கியதில்லை. முல்லைக்குரிய சிறுபொழுது மாலை என்று கரும்பலகையில் எழுதுவோம். எழுதி முடித்ததும் ஐந்து மணிப் பேருந்தைப் பிடித்து வீடு போய்ச் சேர்வோம். அவ்வாறு தங்க நேர்ந்த ஓர் இரவையும், மறுநாட் காலையில் நாம் இழைத்த ஒரு பிழையையும் இம்முறை எழுதுகிறோம். மலைபடுகடாம் அடுத்த மலர் வரை பொறுத்திருக்கும்.

எம் தம்பி அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்தின் தலைநகராகிய ஃபீனிக்ஸ் நகரில் பணிபுரிகிறார். அவ்வாண்டு அக்டோபர் முதல் வாரத்தில் அவர் மகளின் நிக்காஹ் நடைபெற்றது. எம் இல்லத்தரசியும் நாமும் சென்றிருந்தோம். விருந்தெல்லாம் முடிந்த மறுநாள், பொறியியல் பயிலும் தம்பி மகன் எம்மிடம் வந்து, "பெரியத்தா, ஓர் இரவு காட்டில் தங்கிவிட்டு வருவோமா?" என்றான்.

"யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?" என்று கேட்டோம். வனத்துறை என்றதும் எமக்கு முதலில் நினைவுக்கு வருவது அனுமதிச் சீட்டுத்தான்.

"யாரிடமும் வேண்டாம்."

"கட்டணம்?"

"கிடையாது."

"பெயர், முகவரியாவது எழுதிக்கொள்வார்களா?"

"வாயிலே இல்லையே பெரியத்தா, யார் எழுதுவது?"

எமக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. தம்பியைத் தனியே அழைத்து, சட்டத்திற்குப் புறம்பான காரியத்தில் பையன் நம்மை இழுத்துவிடப் போகிறான் என்று கவலை தெரிவித்தோம். தாடி வைத்த அயல்நாட்டான் ஒருவன் அந்த நாட்டில் இரவில் காட்டுக்குள் பிடிபட்டால் என்னென்ன கேள்விகள் வரும் என்பதை விரித்துரைத்தோம். தம்பி சிரித்துவிட்டு, "அண்ணே, அது அந்த நாட்டு மக்கள் எல்லோருக்கும் சொந்தமான நிலம். வந்த விருந்தினரும் தங்கலாம். பயப்படாமல் வாருங்கள்" என்றார்.

அவர் கூறியது உண்மையே என்பதைப் பின்னர் படித்தும் தெரிந்துகொண்டோம். அந்நாட்டில் தேசியப் பூங்கா என்பது வேறு, தேசிய வனம் என்பது வேறு. பூங்காக்களுக்கு வாயில் உண்டு, பெரும்பாலானவற்றில் கட்டணம் உண்டு, கூடாரமிட எண்ணிட்ட இடங்கள் உண்டு. தேசிய வனங்களோ வேளாண்மைத் துறையின் கீழ் வருவன. மரம் வெட்டுதல், கால்நடை மேய்த்தல், நீர்வளம் காத்தல், மக்கள் உலாவுதல் ஆகிய அனைத்துக்கும் உரியன. நாடு முழுவதும் அவற்றின் பரப்பு ஏறத்தாழ 19.3 கோடி ஏக்கர். நம் தமிழ்நாட்டைப் போல் ஆறு மடங்கு என்று கொள்ளலாம். இந்நிலத்தின் பெரும்பகுதியில், குறிப்பிட்டுத் தடை செய்யப்பட்ட இடங்கள் நீங்கலாக, எவரும் கூடாரமிட்டுத் தங்கலாம். பல வனங்களில் ஓரிடத்தில் 14 நாள் வரை இருக்கலாம். அங்கே குழாய் இல்லை, கழிப்பறை இல்லை, விளக்கு இல்லை, குப்பைத் தொட்டி இல்லை. எதுவும் தராத இடத்தில் எதுவும் கேட்பதில்லை என்பது கணக்கு.

இங்கு ஒரு வரலாற்றுச் செய்தியையும் சொல்லியாக வேண்டும். 1905ஆம் ஆண்டு அந்த வனப்பணித் துறை தோற்றுவிக்கப்பட்டபோது அதன் முதல் தலைவராக அமர்ந்தவர் கிஃபர்ட் பின்ஷோ. அவர் இளமையில் ஐரோப்பா சென்று வனவியல் பயின்றபோது வழிகாட்டிய ஆசான் டீட்ரிச் பிராண்டிஸ் என்னும் ஜெர்மானியர். இந்தப் பிராண்டிஸ்தான் 1864ஆம் ஆண்டு ஆங்கிலேயர் இந்தியாவில் அமைத்த வனத்துறைக்கு முதல் இன்ஸ்பெக்டர் ஜெனரலாக இருந்தவர். ஆசான் ஒருவரே, ஆயினும் நம் பகுதியில் 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காப்புக் காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதையே குற்றமாக்கியது. அச்சட்டம் தமிழ்நாடு வனச் சட்டம் என்ற பெயரில் இன்றும் நடைமுறையில் உள்ளது. மலையடிவார ஊரில் வளர்ந்த எமக்குக் காடு என்றால், 'அத்துமீறி நுழைவோர் தண்டிக்கப்படுவர்' என்ற தகரப் பலகைதான். பலகைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்க்கும் துணிவு சிறு வயதிலும் வரவில்லை, வளர்ந்த பின்னும் வரவில்லை.

தம்பி, அவர் மகன், நாம் என மூவர் புறப்பட்டோம். ஃபீனிக்ஸ் பாலைநிலம், ஆள் உயரத்தைப் போல் பல மடங்கு வளர்ந்த கள்ளிகள் கைகளை உயர்த்தி நிற்கும். வடக்கே இரண்டு மணி நேரத்திற்கும் சற்று மேலாகக் காரில் சென்றால் நிலம் மேலெழுந்து ஃபிளாக்ஸ்டாஃப் நகர் வருகிறது. உயரம் ஏறத்தாழ 7,000 அடி, நம் கொடைக்கானலுக்கு நிகர். அதனைச் சூழ்ந்திருப்பது கோகோனினோ தேசிய வனம். அது மட்டுமே 18 லட்சம் ஏக்கருக்கு மேல். வனத்தின் எல்லையில் தொப்பி அணிந்த கரடியின் படம் வரைந்த பலகை ஒன்று, அன்றைய தீ அபாயம் எந்த அளவில் உள்ளது எனக் காட்டிக்கொண்டிருந்தது. 1944ஆம் ஆண்டு முதல் அந்நாட்டுக் குழந்தைகளுக்குக் காட்டுத்தீயைப் பற்றிப் பாடம் சொல்லி வரும் கரடியாம் அது. அன்றைக்கு அபாயம் மிதம். கோடையாக இருந்திருந்தால் நெருப்பு மூட்டவே தடை இருந்திருக்கும் என்றான் பையன்.

தார்ச்சாலையை விட்டு எண்ணிட்ட மண்சாலை ஒன்றில் திரும்பினோம். எந்தச் சாலையில் வண்டி செல்லலாம், எங்கே ஓரங்கட்டலாம் என்பதற்கு வனத்துறை வரைபடம் வெளியிட்டிருக்கிறது. ஏழெட்டு மைல் சென்றதும் முன்பு யாரோ தங்கிச் சென்ற இடம் தென்பட்டது. கற்களை வட்டமாக அடுக்கிய பழைய நெருப்பிடம் ஒன்றும் அங்கே இருந்தது. புதிய இடத்தைக் கெடுக்காமல் இத்தகைய பழைய இடத்தையே பயன்படுத்த வேண்டுமாம். சுற்றிலும் பாண்டரோசா பைன் மரங்கள். அவற்றின் பட்டையில் மூக்கை வைத்து முகரச் சொன்னான். வெனிலா மணம்! எமக்கு நாற்பத்தைந்து வயதாகிறது. மரத்தைக் கட்டிக்கொண்டு முகர்ந்தது அன்றுதான் முதன்முறை.

பையன் விதிகளை ஒப்பித்தான். நீர்நிலை இருந்தால் அதிலிருந்து 200 அடியாவது தள்ளிக் கூடாரமிட வேண்டும். உணவை வெளியே வைத்தால் கரடி வரலாம். காருக்குள் பூட்ட வேண்டும். இயற்கைக் கடனுக்கு ஆறு முதல் எட்டு அங்குல ஆழத்தில் குழி தோண்டி, பின் மண்ணிட்டு மூட வேண்டும். இதைச் சொல்லி ஒரு சிறு மண்வெட்டியை எம் கையில் கொடுத்தபோது, ஒரு பேராசிரியரின் கௌரவம் எவ்வளவு சிறு கருவியில் அடங்கிவிடுகிறது என்று எண்ணிக்கொண்டோம். கொண்டுவந்த குப்பை எல்லாவற்றையும் திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும். புறப்படும்போது நாம் வந்து போன சுவடே இருத்தலாகாது. நம் வீட்டுப் பெரியவர்கள் அமானிதம் என்று ஒரு சொல் சொல்வார்கள்: நம்பி ஒப்படைக்கப்பட்ட பிறர் பொருளைக் கொடுத்தபடியே திருப்பித் தருவது. அச்சொல்லைப் பையனிடம் சொன்னோம். வீட்டில் கேட்டிருக்கிறேன் என்றான். அவனுக்கு நாம் பாடம் நடத்தியதாக ஒரு நிறைவு அப்போது எமக்கு.

இரவைப் பற்றி என்ன சொல்வது! ஃபிளாக்ஸ்டாஃப் 2001ஆம் ஆண்டிலேயே உலகின் முதல் இருள்வான் நகரமாக அறிவிக்கப்பட்ட ஊர். விளக்கொளி வானைக் கெடுக்காதபடி ஊரே கட்டுப்பாட்டுடன் விளக்கேற்றுகிறது. அதன் பயனை அன்று கண்டோம். விண்மீன்களுக்கு இடையே இருள் இருப்பதாகவே தோன்றவில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால் நாம் அதை நெடுநேரம் பார்க்கவில்லை. குளிர் எலும்பைத் தொட்டது, உறக்கப்பைக்குள் புகுந்துகொண்டோம். தம்பியும் மகனும் உடனே உறங்கிவிட, எமக்குத் தூக்கம் வரவில்லை. நள்ளிரவில் குழலும் ஓலமும் கலந்தாற்போல் ஒரு நீண்ட ஒலி எழுந்தது. எழுந்து உட்கார்ந்துவிட்டோம். துணையை அழைக்கும் எல்க் மானின் குரல் அது என்று தம்பி தூக்கத்திலேயே சொன்னார். பின்னர் மண்சாலையில் ஒரு வண்டியின் விளக்கு வந்தது, மரங்களின் மேல் சுழன்றது, நின்றது. யார், என்ன பெயர், எதற்கு வந்தாய் என்று கேட்கப் போகிறார்கள் என மனத்திற்குள் ஆங்கிலத்தில் விடை தயாரித்தோம். இடத்தில் ஆள் இருப்பதைக் கண்டதும் வண்டி திரும்பிப் போய்விட்டது. அவர்களும் எம்மைப் போல் இடம் தேடி வந்தவர்களே.

எமக்குள் ஏதோ தளர்ந்தது அந்தக் கணத்தில்தான். எம்மை ஒருவரும் காவல் காக்கவில்லை. எம்மிடமிருந்து காட்டை ஒருவரும் காக்கவும் இல்லை. அரசு ஒன்று, முன்பின் அறியாத ஒருவனை அவன் பெயரைக்கூடக் கேட்காமல் தன் காட்டில் உறங்கவிட்டிருக்கிறது. வாழ்நாளில் இவ்வளவு நம்பப்பட்டதாக நாம் உணர்ந்ததில்லை.

வைகறையில் தொழுகைக்கு எழுந்தோம். நம் ஊரில் மேற்கு நோக்கியே தொழுது பழகிய எமக்குத் தம்பி வடகிழக்கைக் காட்டினார். உலக உருண்டையில் மக்காவுக்கு நேர்வழி அங்கிருந்து அப்படித்தான் அமைகிறதாம். ஒளு செய்யக் கொண்டுவந்திருந்த நீரை எடுத்தோம். பள்ளிவாசல் ஹவுழின் கரையில் அமர்ந்த பழக்கத்தில், குளிரைப் பொருட்படுத்தாமல், ஒவ்வோர் உறுப்பையும் மும்முறை தாராளமாகக் கழுவினோம். "அண்ணே, தண்ணீர் கொஞ்சம்தான் இருக்கிறது" என்றார் தம்பி. ஒளுவில் போய்க் கணக்குப் பார்ப்பதா என்று எண்ணினோமேயன்றி, ஓடும் ஆற்றங்கரையிலும் நீரை விரயம் செய்யலாகாது என்பது மார்க்கம் என்பதை எண்ணவில்லை. தேநீருக்கு நெருப்பு மூட்டினோம், ரொட்டி சுட்டோம், பாத்திரம் கழுவினோம். முடிவில் மிஞ்சியது குடிக்க வைத்திருந்த இரண்டு புட்டிகளும் பிளாஸ்க்கில் எஞ்சிய தேநீருமே.

அவர்கள் இருவரும் கூடாரத்தைப் பிரிக்கையில் நெருப்பை அணைக்கும் பொறுப்பை நாமே கேட்டு வாங்கிக்கொண்டோம். குடிநீரை ஊற்ற மனம் வரவில்லை. மண்ணை வாரி வாரிப் போட்டோம். புகை நின்றது. காலால் மேலும் மிதித்துச் சமன் செய்தோம். பார்ப்பதற்கு நெருப்பிருந்த சுவடே இல்லை.

"அணைத்தாயிற்றா பெரியத்தா?"

"ஆயிற்று."

தார்ச்சாலைக்கு வந்து சற்றுத் தூரம் சென்றதும் சான் பிரான்சிஸ்கோ சிகரங்கள் தொலைவில் தெரிந்தன. ஒரு சரிவு முழுதும் கருகிக் கிடந்தது. ஏன் என்று கேட்டோம். 2010ஆம் ஆண்டு ஜூன் மாதம் யாரோ அணைக்காமல் விட்டுச் சென்ற கூடார நெருப்பு ஒன்று 15,000 ஏக்கர் காட்டை எரித்ததாம். அதன் பெயர் ஷூல்ட்ஸ் தீ. மரமற்ற சரிவில் அடுத்த மாதம் மழை பெய்தபோது நீரைத் தடுக்க ஒன்றுமில்லை. வெள்ளம் கீழே குடியிருப்புக்குள் புகுந்து பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியை அடித்துச் சென்றது. அக்காடு மீளும் முன்பே 2022 ஜூனில், நாம் செல்வதற்கு நான்கு மாதம் முன்பு, காட்டில் தங்கிய ஒருவர் கழிப்புத் தாளைக் கொளுத்திக் கல்லுக்கடியில் வைத்ததில் மற்றொரு பெருந்தீ எழுந்து 26,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. இதனைச் சொல்லிக்கொண்டு வந்த பையன் இடையில் நிறுத்தி, "பெரியத்தா, நீங்கள் எவ்வளவு தண்ணீர் ஊற்றினீர்கள்?" என்று கேட்டான்.

"தண்ணீர் ஊற்றவில்லை. மண் போட்டு மூடினேன்."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. வண்டியைத் திருப்பினான்.

திரும்பிச் சென்ற அந்த ஏழெட்டு மைல் தூரத்தில் எமக்கு நினைவுக்கு வந்தது எம் நன்னியின் அடுப்பு. இரவு சமையல் முடிந்ததும் தணலைக் கூட்டி அதன்மேல் சாம்பலை நன்றாக மூடிவிடுவார். காலையில் சாம்பலை விலக்கினால் தணல் கண் விழிக்கும். தீப்பெட்டிக்குச் செலவில்லை. மூடி வைப்பது அணைப்பதற்கன்று, காப்பாற்றுவதற்கு என்பதைச் சிறுவயதில் அன்றாடம் கண்டவர் நாம். நீறு பூத்த நெருப்பு என்னும் தொடரை விளக்கும்போதெல்லாம் அந்த அடுப்பைத்தான் மாணவர்க்கு எடுத்துக்காட்டாகச் சொல்வோம். பத்தொன்பது ஆண்டுகள் சொல்லியிருக்கிறோம்.

இடத்தை அடைந்தபோது மேலே மண் அப்படியே இருந்தது. ஆனால் கல்வட்டத்தின் ஒரு பக்கத்தில், இரு கற்களுக்கு இடையே, மெல்லிய புகை நூல்போல் எழுந்துகொண்டிருந்தது. தணல் மண்ணுக்கடியிலேயே நகர்ந்து வெளியே இருந்த மக்கிய சருகுப் படுகையைப் பற்றியிருந்தது. ஒரு முழ நீளத்திற்குப் பைன் ஊசியிலைகள் கருகியிருந்தன. சுடர் இல்லை. காற்றும் அல்ஹம்துலில்லாஹ் இல்லை. பையன் மண்வெட்டியால் மண்ணை விலக்கினான்; உள்ளே செக்கச் சிவந்த தணல். குடிநீர் இரண்டு புட்டியையும் ஊற்றினோம். கிளறினோம். போதவில்லை. பிளாஸ்க்கில் இருந்த தேநீரையும் ஊற்றினோம். சர்க்கரையும் ஏலக்காயும் கருகும் மணம் எழுந்தது. கருகிய சருகைச் சுற்றி வெறும் மண் தெரியும்வரை தோண்டிப் பிரித்தோம். மீண்டும் கிளறினோம். பின் பையன் எம் கையைப் பிடித்துப் புறங்கையைச் சாம்பலின் மேல் வைத்தான். "சுடுகிறதா பெரியத்தா?" சுட்டது. மேலும் கிளறினோம். முக்கால் மணி நேரம் ஆயிற்று, கை வைக்கும் அளவு குளிர. நீரூற்று, கிளறு, தொட்டுப் பார் என்பது அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பாடமாம்.

அவன் எம்மைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. முந்தின நாள் அமானிதம் பற்றி நாம் ஆற்றிய உரையையும் நினைவூட்டவில்லை. அந்த அடக்கம் எமக்கு மேலும் சுட்டது.

ஊர் திரும்பியபின் இதைப் பற்றி நெடிது எண்ணியிருக்கிறோம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்றோர் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறக்கவில்லை. நம் காட்டில் யானை உண்டு, மக்கள்தொகை மிகுதி, வனத்துறையின் தடைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அந்த நாட்டுத் திறந்த காட்டையும் முற்றிலும் புகழ நாம் ஒருப்படோம். அந்தச் சிகரங்கள் நவஹோ, ஹோபி முதலிய பழங்குடியினர் புனிதமாகப் போற்றுபவை. அவர்களிடமிருந்து போனபின்தான் அந்நிலம் எல்லோருக்கும் பொது ஆயிற்று. இலவசம் என்ற சொல்லுக்கு முன்பே ஒருவர் விலை கொடுத்திருக்கிறார். ஆயினும் தகரப் பலகையின் இப்புறத்தில் நின்றே வளர்ந்த எமக்கு நெருப்பணைக்கும் பொறுப்பை எவரும் கற்பிக்கவில்லை. கற்பிக்கத் தேவையும் இருக்கவில்லை. உள்ளே விடாதவனுக்கு எதைக் கற்பிப்பது? பதினெட்டு லட்சம் ஏக்கர் காட்டுக்கு அன்று காலை ஒரு மணி நேரம் நாம்தான் காவலர். அது எமக்குத் தெரியவில்லை.

நகரை அடையும்வரை காரில் குடிக்க ஒரு சொட்டு நீரில்லை. மூவருக்கும் நா வறண்டிருந்தது. ஒருவரும் தாகம் என்று சொல்லவில்லை. ஃபிளாக்ஸ்டாஃபின் முதல் கடையில் தம்பி மூன்று புட்டி வாங்கி வந்தார். எம் கையில் முதலில் கொடுத்தார். அன்று மாலை வீட்டில் எம் சட்டையை முகர்ந்து பார்த்த இல்லத்தரசி, "என்ன இது, தேநீரும் புகையுமாக மணக்கிறது?" என்று கேட்டார். காட்டில் தேநீர் போட்டோம் என்று மட்டும் சொன்னோம். முழுவதையும் இன்றுவரை சொல்லவில்லை. இம்மலர் வீட்டுக்கு வரும்; படித்துத் தெரிந்துகொள்வார்.